புதன்

மூக்குக்கண்ணாடியைத் துடைத்து
அவர் கைக்கு எட்டும் இடத்தில் வைக்கிறேன்.
காதுக் கருவிக்குப் புதுப் பற்றரி.
நான்கு மிடறு தண்ணீர்.
மூன்று நாளாய் வயிறு இளகவில்லை என்பதையும்
மறக்காமல் குறிக்கிறேன்:
புத்தி தடுமாறுவது
சிலவேளை குடலில்தான் தொடங்கும்.

ஆற்றுக்கு மேலே
வூப்பர்டாலின் கடைசித் தொங்கு ரயில் போகிறது.
ஹெர் வெஸ்ட்கோட்
முப்பத்தொரு வருஷம் அதை ஓட்டியவர்.
சத்தம் அடங்கியதும் திரையை இழுக்கிறேன்.
இரவு, இரவாகவே இருக்கட்டும்.
மணிக்கூட்டின் மேல் மட்டும் சிறு வெளிச்சம்.

போன கிழமை இதே கட்டிலில்
ஃபிராவ் ஹைன்ட்கே
என்னைத் தன் தங்கையென்று நம்பி
நான் ஒளித்துவைத்த ரொட்டியைக் கேட்டு
விடியும்வரை அழுதார்.
இதையெல்லாம் அவருக்கும் செய்திருந்தேன்.

இரண்டரைக்கு விழிக்கிறார் ஹெர் வெஸ்ட்கோட்.
கருவியைக் காதில் பொருத்தி, கண்ணாடியை மாட்டி,
வழக்கம்போல் மெல்லச் சொல்கிறேன்:
"இது ஹொஸ்பிஸ். நான் நிரோஜினி.
இன்று செவ்வாய்க்கிழமை."

நெடுநேரம் மணிக்கூட்டைப் பார்த்தார்.
"புதன்," என்றார்.
"பன்னிரண்டு எப்போதோ தாண்டிவிட்டது.
நீ போய்க் கொஞ்சம் தூங்கு."

எனக்கு இது தொடர்ந்து ஆறாவது இரவு.
பதிவேட்டில் எழுதினேன்:
நோயாளி தெளிவாக இருக்கிறார்.
பிழை தாதியுடையது.