கட்டை

திபிலிசியில், சோலொலாக்கி மேட்டில்,
மூன்றாம் மாடியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது
பியானோ.
மேலே பத்ரி, கீழே ஷல்வா,
நடுவில் ஒரு பழைய வார்ப்பட்டை.
படி திரும்பும் இடத்தில் பத்ரியின் கை விட்டது.
ஷல்வா விடவில்லை.

விட்டிருந்தால்
பியானோ மட்டும் போயிருக்கும்.

மதியம் என்னிடம் வந்தான்,
இடக்கையை வலக்கையில் ஏந்தி,
யாருடைய குழந்தையையோ சுமப்பதுபோல.
காறை எலும்பின் வெளிமுனை
சட்டைக்குள் கூடாரக் கம்பாய்த் துருத்தியது.
விரலால் அழுத்தினேன், இறங்கியது.
விரலை எடுத்தேன், எழுந்தது.
"பியானோக் கட்டை என்போம் இந்த அறிகுறியை"
என்றேன் பயிற்சி மருத்துவரிடம்,
கொஞ்சம் உரக்க.
ஷல்வா கண் திறந்தான்:
"எந்தச் சுரம், டாக்டர்?"

மறுநாள் காலை கீறினேன்.
உள்ளே தசைநார்கள் நைந்த கயிறு.
கொக்கித் தகட்டின் ஒரு முனை வளைந்து
தோள்முகட்டின் அடியில் நுழையும்,
மறுமுனை காறையின் முதுகில் படுக்கும்.
நெம்புகோல்தான், வேறொன்றுமில்லை.
பாரம் தூக்குகிறவனுக்கு விளக்கவே வேண்டாம்.
நான்கு திருகுகள்.
நான்காவது பிடிக்கவில்லை.
கழற்றிவிட்டு நீளமானதைக் கேட்டேன்.
மனானா பெட்டியைக் கிளறிய சத்தத்தில்
ஒரு நிமிடம் ஒன்றும் செய்யாமல் நின்றேன்,
அவன் தோளில் கை வைத்தபடி.

"தகடு குணப்படுத்தாது.
பிடித்து வைக்கும், அவ்வளவே.
தோளுக்கு மேல் கை உயரக் கூடாது.
நான்கு மாதத்தில் எடுத்துவிடுவோம்,
இல்லாவிட்டால் கொக்கி
தன்னைத் தாங்கும் எலும்பையே அரிக்கும்."

நான்கு மாதமும் நாற்காலியில்தான் தூங்கினான்.
கம்பளிச் சட்டைக்குள் அந்தக் கையை
லமாரா நுழைத்துவிட்டாள், தினமும், திட்டிக்கொண்டே.
பத்ரி ஞாயிறுதோறும் அக்ரூட் பையோடு வந்தான்.
செருப்பைக் கழற்றவில்லை, நிலைப்படி தாண்டவில்லை.
வலிக்கிறதா என்று
ஒருமுறைகூடக் கேட்கவில்லையாம்.

நவம்பரில் தகட்டை எடுத்தேன்.
தையல் பிரித்த அன்று
அதே இடத்தில் அழுத்திப் பார்த்தேன்.
அசையவில்லை.
"ஊமையாகிவிட்டதா?"
"ஆமாம்" என்றேன்.

கழுவிய தகட்டை உறையிலிட்டு நீட்டினேன்.
சிலர் நினைவுக்குக் கேட்பார்கள்.
ஷல்வா தலையசைத்து மறுத்தான்.
பின்னால் நின்ற பத்ரி கை நீட்டினான்.
உறையைக் கிழித்து, உள்ளங்கையில் கொட்டி,
எடை பார்த்தான்.
"இவ்வளவுதானா?"

பிறகு விரல்களை மூடினான்.
ஜன்னலிலிருந்து பார்த்தேன்,
தெருமுனை வரைக்கும்
அந்தக் கை திறக்கவில்லை.