திருப்பித் தராத எடுகோள்

வியாழன் மாலை.
பேருந்து முனையத்தில் தொலைந்த பொருள் அறையைப் பூட்டிவிட்டு
பொறியியல் பீடத்துக்கு நின்றபடியே போகிறேன்.
மொந்தேவிதேயோவின் காற்றுக்கு அனுமதிச் சீட்டு வேண்டாம்;
ஆறென்று பெயர் வைத்திருக்கும் கடலிலிருந்து எழுந்து
எங்களோடு வகுப்புக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

தருக்கம், முதலாண்டு.
சூடேற்றி பழுது. பேராசிரியர் சுல்மா அர்ரோஸ்பிடே
மேல்கோட்டோடு பலகையில் ஓர் அம்பு வரைந்தார்.
அம்பின் இடப்பக்கம் பொய்யானால்
வலப்பக்கம் என்ன இருந்தாலும்
மொத்தமும் மெய் என்றார்.

வகுப்பு பொங்கிவிட்டது.
இறைச்சிக் கிடங்கில் இரவு வேலை பார்க்கும் யமாண்டு தெச்செரா,
அக்குளில் பிளாஸ்க், கையில் மாத்தே,
கேட்டான்: "நான் பிஷப் என்றால் இந்த மேசை பாலாடைக்கட்டி. இது மெய்யா?"
"மெய்தான். நீ பிஷப் ஆகாதவரை
உன் சொல்லை யாராலும் முறிக்க முடியாது."

எல்லோரும் சிரித்தார்கள்.
எனக்கு லௌதாரோ நினைவுக்கு வந்தான்.
வேலை நிலைத்தால் உனக்கு டிக்கெட் அனுப்புகிறேன் என்று
பார்சலோனாவுக்கு விமானம் ஏறியவன்.
ஆறு வருஷம்.
அவன் பொய் சொன்னான் என்று
இந்த அட்டவணையை வைத்து நிறுவவே முடியாது.

*

அடுத்த வாரம் "எல்லா" என்ற சொல்.
வெற்றுக் கணத்தைப் பற்றி எல்லாம் சொல்லலாம், எதுவும் பொய்யாகாது.

காலையில் குடைத் தட்டைத் திறந்தேன். காலி.
இதிலுள்ள குடைகள் எல்லாம் சிவப்பு.
சரி.
இதிலுள்ள குடைகள் எல்லாம் கறுப்பு.
அதுவும் சரி.
இதிலுள்ள குடைகள் எல்லாம் நனைந்தும் நனையாமலும் இருக்கின்றன.
"யாரோடு பேசுகிறாய்?" என்றாள் மேலதிகாரி ஒதிலியா.
இதிலுள்ளவர்கள் எல்லோரோடும் என்றேன்.
அவள் என் விடுப்புக் கணக்கைச் சரிபார்க்கப் போய்விட்டாள்.

*

மழைக்காலத்தில் நிறுவல்கள் ஆரம்பித்தன.
"வைத்துக்கொள்" என்று தொடங்கு.
ஓரத்தில் ஒரு கோடு இழு.
கோட்டுக்குள் இருக்கும்வரை கூச்சப்படாமல் நம்பு.
வெளியே வரும்போது
எடுகோளைத் திருப்பிக் கொடுத்துவிடு.
கையில் எடுத்து வரலாம், ஆனால் "இப்படி இருந்தால் அப்படி" மட்டும்.

பேருந்தில், முழங்கால்மேல் நோட்டு:

வேலை நிலைத்தால் டிக்கெட் அனுப்புவான்.
  வைத்துக்கொள்: வேலை நிலைத்தது.
  ஆகவே டிக்கெட் அனுப்பினான்.
  அனுப்பவில்லை.
  முரண்.
ஆகவே வேலை நிலைக்கவில்லை.

கோட்டை மூடினேன். பாவம், ஆறு வருஷமாய் வேலை தேடுகிறான்.
எத்தனை லேசாக இருந்தது! இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கினேன்.

யமாண்டு நோட்டை வாங்கிப் பார்த்தான்.
விரல்நகத்தில் கிடங்கின் பனி இன்னும் நீலமாக இருந்தது.
"முதல் வரி எங்கிருந்து வந்தது?"
அவனே சொன்னது. விமான நிலையத்தில்.
"சொன்னது இருக்கட்டும். மெய்யென்று யார் தந்தது?
இதுவும் ஒரு வைத்துக்கொள்தான்.
இதற்கு நீ கோடே போடவில்லை."

மாத்தேயை நீட்டினான்.
கசப்பு. ஆறியிருந்தது.

*

வெள்ளிக்கிழமை ஒரு பெரியவர் சாளரத்தில் குனிந்தார்.
"என் குடை இங்கே இருந்தால், அதன் பிடி உடைந்திருக்கும்."
தட்டு காலி.
"மெய்" என்றேன்.

அவர் முகம் விரிந்தது. தொப்பியை எடுத்துவிட்டு,
கொண்டுவரட்டும் என்று
நின்றார், நின்றுகொண்டே இருந்தார்.
பின்னால் சால்த்தோ பேருந்துக்கு அறிவிப்பு.

எனக்குச் சட்டென்று வெட்கமாகிவிட்டது.
அம்புக்கு வெளியே எட்டி, சாளரக் கதவை முழுக்கத் திறந்து
மிச்சத்தையும் சொன்னேன்:
இல்லை ஐயா.
இங்கே குடையே இல்லை.