ஒன்பது மில்லிமீற்றர் ஆம்

சனிக்கிழமை காலை ஆறே காலுக்கு
ஒலுவில் சந்தியில் பஸ் ஏறினால்
எட்டரைக்குள் மட்டக்களப்பு.
டயர்க் கடைக்கு மேல்மாடி.
பிளாஸ்டிக் கதிரை ஐந்து, ஆட்கள் நாலு,
ஐந்தாவதில் மேசை விசிறி.
கீழே றப்பர் எரிகிற மணம்.
மேலே பிரெஞ்சு.

பாலம் ஆணாம். பீம் பெண்ணாம்.
கொங்கிறீற் ஆண், அதில் விழும் வெடிப்பு பெண்.
கம்பி?
கஜரூபன் பத்து ரூபாய்க் குற்றியைச் சுண்டிப் பார்க்கிறான்.
அஃறிணை என்ற ஒரே சாக்கில்
எல்லாவற்றையும் போட்டுக் கட்டிவிட்டு வந்தவர்கள் நாங்கள்.
மூன்றாம் வருடம்,
இரும்புக் கட்டமைப்பு ஒப்படை பாதியில் கிடக்க,
சீமெந்துக்குப் பால் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

மிஸ் ஒக்கர்ஸுக்கு எங்களைவிட மூன்று வயதுதான் கூட.
தலையிடியோடு வந்து
பலகையில் ஒரு பீமைக் குறுக்கே வெட்டி வரைந்தாள்.
மேலே ஒரு தகடு, கீழே ஒரு தகடு,
இரண்டையும் பிடித்துக்கொண்டு நெட்டுக்கு ஒன்று.
"மேலும் கீழும் செமெல். செருப்பின் அடி."
"நடுவில நிக்கிறது?"
"ஆம்."
காத்திருந்தோம்.
"ஆம் என்ன, மிஸ்?"
"அதுதான் பேர். ஆம். ஆன்மா."

டிலோஷினி சிரித்த சிரிப்புக்கு
கீழே காற்றடிப்பதை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார்கள்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
றூஹ் என்றால் அதற்கு மேல் கேட்கக்கூடாது
என்று சொல்லி வளர்த்த வீட்டுப் பிள்ளை.
கொப்பியில் எழுதினேன்:
ஆன்மாவின் தடிப்பு, ஒன்பது மில்லிமீற்றர்.

பாரம் ஏறி பீம் தாழ்ந்தால்
அந்தத் தாழ்வுக்கு அம்பு என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.
யார் எய்தது என்று கேட்பதில்லை.
அது நீளத்தில் முந்நூற்றில் ஒரு பங்கைத் தாண்டாவிட்டால் போதும்.

பிறகுதான் வினைச்சொல் தாழ்கிற இடம்.
பாலம் நிற்கிறது:
கணக்கை முடித்தவன் சொல்வது. தியாங்.
பாலம் நிற்க வேண்டும்,
நிற்காமல் போய்விடுமோ,
நின்றால் போதும்:
இதற்கெல்லாம் அந்தச் சொல் முகத்தை மாற்றிக்கொள்ளும். தியென்.
"இன்ஷா அல்லாஹ் சேத்துக்கிட்டாச் சரி" என்றேன்.
மிஸ் யோசித்தாள்.
"கிட்டத்தட்ட."

வளாகத்தில் அறிக்கையில் அப்படி எழுதினால்
புள்ளி வெட்டுவார்கள்.
இங்கே எழுதாவிட்டால் வெட்டுகிறார்கள்.

வாய்மொழிப் பரீட்சை கொழும்பில்.
இரவு பஸ்ஸில் விடிய விடிய சம்மதம், சந்தேகம், பயம்
மூன்றையும் பாடமாக்கினேன்.
குளிரூட்டிய அறை, இரண்டு பேர், ஒரு தண்ணீர்ப் போத்தல்.
கல்லடியைச் சொன்னேன்:
புதிய பாலம் பஸ்ஸைச் சுமக்கிறது,
பழையது பக்கத்தில்
நடந்து போகிறவர்களைச் சுமக்கிறது.
இரண்டுமே ஆண் என்பதை மறக்கவில்லை.
பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்,
பொறியியல் படிக்கிற உங்களுக்குப் பிரெஞ்சு எதற்கு?

கிறெனோபிள், முதுமாணி, குறைந்த கட்டணம்,
எழுதிப் பாடமாக்கிய பதில் தொண்டை வரைக்கும் வந்தது.
வாய் வேறொன்றைச் சொன்னது:
உங்கள் பீமின் நடுத் தகட்டுக்குரிய சொல்
என் மொழியில் சம்மதம்.
எல்லா வினையும் நேர் வினை. சந்தேகம் ஒன்றுகூட இல்லை.
அவர் ஏதோ குறித்துக்கொண்டார்.

நாற்பத்தெட்டரை.
ஐம்பது வேண்டும்.
பேச்சில் தப்பிவிட்டேனாம், கேட்டலில்தான் கவிழ்ந்தேன்.
பாற்கட்டி விற்கிற ஒருவர்
ஒலிநாடாவில் மூச்சுவிடாமல் பேசிவிட்டுப் போயிருந்தார்.

தை மாதம், மறுபடி சனிக்கிழமை.
கல்லடிப் பாலத்தின் நடுவில்
முன்னால் ஏதோ நெரிசல், பஸ் நின்றது.
எதிரே மணல் லொறி ஒன்று கடக்க
காலுக்குக் கீழே தளம் மெல்ல இறங்கி ஏறியது.
ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.
நான் மட்டும் விரல் விட்டு
அம்பை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"மட்டக்களப்புத்தானே, புள்ள?"
"ஆம்."

எங்கள் பக்கம் வாயால் ஆம் சொல்கிறவர் இல்லை.
ஓம் என்போம், இல்லாவிட்டால் தலையாட்டுவோம்.
கண்டக்டர் ஒரு முறை பார்த்தார்.
"என்ன, செய்தி வாசிக்கிறியா?"
என்றுவிட்டு
மீதிக் காசில் இருபது ரூபாய் குறைத்துத் தந்தார்.