வெறும் தட்டு

கேத்திப் பள்ளத்தாக்கில் இன்று உரம் போடுகிறார்கள்.
லாரியிலிருந்து இறங்குகிறது
மூட்டை மூட்டையாய் சூப்பர் பாஸ்பேட்.
மேலே, தகரக்கூரை ஆய்வகத்தில்
நுனிக்கு ஒன்று என்று
பாஸ்பேட்டைக் கிள்ளிக்கொண்டிருக்கிறேன் நான்.
இரண்டும் அதே உருளைக்கிழங்குக்குத்தான்.

மூன்று வாரமாய் ஏமாற்றியது இந்த டி.என்.ஏ. வளையம்.
வெட்டினால் போதும் என்றிருந்தேன்,
வாய் திறந்தே கிடக்கும்,
கிழங்கின் மரபணு வந்து உட்காரும் என்று.
அது தன் வாலைத் தானே கவ்விக்கொண்டது,
கோபித்துக் கிளம்பி
எல்லநள்ளி நிறுத்தத்தோடு திரும்பிவிடும்
என் வீட்டுக்காரர் மாதிரி.
தட்டு முழுக்க வேர்க்குருபோல் காலனிகள்.
ஒன்றிலும் சரக்கில்லை.

முதலில் வாங்கிய நொதி கன்றின் குடலிலிருந்து எடுத்தது.
லேபிளைப் படித்த பெள்ளி
'யார் வீட்டுக் கன்று?' என்றான்.
அவன் வீட்டுப் பசு கன்று போட்டு நாலு நாள்.
நான் பேசாமல் குழாயை ஐஸில் செருகினேன்.
வேலை முடிந்தும் சாகவில்லை அந்த நொதி.
விருந்தாளியின் நுனியையும் சேர்த்து மழித்துவிட்டது.
கைகோக்க ஆளில்லாமல்
எதிரெதிரே நின்றன இரண்டும்.
அந்த வாரத் தட்டில் எதுவும் முளைக்கவில்லை.
அது வேறு வகை வெறுமை,
அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

அடுத்தது இறாலுடையது.
குளிர்கடல் இறால். அறுபத்தைந்து டிகிரியில் அடங்கிவிடும்.
மின்வாரியத்தை வேண்டிக்கொண்டு
கால் மணி நேரம் சுடுநீரில் வைத்தேன்.

பிறகு மரபணு, அதன் பாஸ்பேட் அதனிடமே.
ஒரு பக்கம் கை நீட்டினால் போதும்,
விட்டுப்போன தையலை
பாக்டீரியா உள்ளே போட்டுக்கொள்ளும்.
ஒட்டுவதற்குப் பதினாறு டிகிரி வேண்டும்.
சமவெளியில் அதற்கென்று ஒரு இயந்திரம் ஓடும்.
நான் ஜன்னல் கண்ணாடிக்கு உள்பக்கம் வைத்துவிட்டு
கடைசிப் பேருந்தைப் பிடித்தேன்.
ராத்திரி முழுக்க மலை பார்த்துக்கொண்டது.

இரண்டு நாள் கழித்து
'வளையம் மட்டும்' என்று எழுதிய தட்டைத்தான்
முதலில் எடுத்தேன்.
வெளிச்சத்தில் பிடித்தேன். சாய்த்தேன்.
கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன்.
ஒரு புள்ளி இல்லை.
'பெள்ளி!' என்று கத்தினேன்.
ஒன்றுமில்லாததைப் பார்க்க
கையில் வர்க்கியோடு ஓடி வந்தான் அவன்.
வாசலிலேயே நிறுத்தினேன், தூள் விழும் என்று.
அங்கிருந்தே பார்த்தான்,
'நல்லாயிருக்கு' என்றான்.

மற்றத் தட்டில் பதினொரு காலனிகள்.
எண்ணி எழுதிவிட்டு
மறுபடி அந்த வெறும் தட்டையே
எடுத்து வைத்துக்கொண்டேன்.