கதவுப்பக்கச் சுவர்

ஏற்காடு பஸ்ஸில் ஏழாவது கொண்டை ஊசியில்
வாந்தி எடுத்தேன்.
மடியிலிருந்த டப்பாக்களை மட்டும் விடவில்லை.

செவ்வாய்ப்பேட்டையில் என் பிழைப்பு எழுத்து.
ஜவ்வரிசி மில், லாரி ஆபீஸ், கொலுசுக் கடை.
முகம் கேட்டு வந்தவர்
எடில்பெர்ட் சாமியார் ஒருவர்தான்.

நாகலூருக்கு மேலே தகரக்கூரைக் கோவில்.
சாமியார் ஒரு தடித்த புத்தகத்தை விரித்தார்.
கிரேக்க மலையொன்றில்
அறுநூறு வருஷத்துச் சுவர்.
பைசாந்தியம் சாய்ந்துகொண்டிருந்த காலம் என்றார்.
எனக்குத் தெரிந்தது விளக்குக் கரி.

மேலே பெரியவர்கள்.
எழுத்து உதிர்ந்துபோயும்
சாவியை வைத்து, வாளை வைத்துச் சொல்லிவிடலாம்.
கீழே, கதவை ஒட்டி, ஆள் உயரத்தில்
அந்தப் பள்ளத்தாக்கு மட்டுமே அறிந்த ஒரு கிழவர்.
கை காலி.
பக்கத்தில் பெயர் இல்லாவிட்டால் அவர் யாருமில்லை.

தோள்பட்டையில் குழி குழியாக இருந்தது.
காய்ச்சலுக்குச் சுரண்டிக்
கரைத்துக் குடித்தார்களாம்.

இங்கே கேட்டது சந்தியாகம்மாளை.
காலரா வருஷம்
கயிறு கட்டி எஸ்டேட் பாதையை அடைத்தபோது
கயிற்றுக்குக் கீழே குனிந்து
லயத்துக்குக் கஞ்சித்தண்ணி சுமந்தவள்.
ஒன்பது நாள்.
பத்தாம் நாள் அவளுக்கே ஒருவரும் சுமக்கவில்லை.

"ரோமாபுரி ஏட்டில் இவள் இல்லை.
வரை. வட்டம் மட்டும் போடாதே."

போடவில்லை.
ஆனால் குடம் சுமந்தவளுக்குச் சும்மாடு இல்லாமல் எப்படி?
பழஞ்சேலைத் துணி, மங்கிய மஞ்சள்.
சாமியார் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.
"துணிதானே?"
"துணிதான் சாமி."

பெயரை லாரி நெற்றிக்கு எழுதுகிற அளவில் எழுதினேன்.
அதில் எனக்குக் கை நடுங்காது.

போட்டோ கிடையாது.
ஆளுக்கு ஒரு மூக்கு சொன்னார்கள்.
காப்பிக்கொட்டை உலர்த்தும் களத்திலிருந்து
மரியதங்கம் வந்தாள், முந்தானையில் கை துடைத்தபடி.
"இது அவ இல்ல. எங்க அத்தைக்கு மாறுகண்ணு."

ஒரு கருமணியை நூல் அளவு நகர்த்தினேன்.
இப்போது ஒரு கண் பீடத்தைப் பார்க்கிறது.
மற்றது, பூசை முடியுமுன்னே
யார் நழுவுகிறார்கள் என்று.

கூலியில் பாதி மிளகாய் வந்தது.
மிளகாய் இல்லை, மிளகு. அவசரத்தில் எழுதுகிறேன்,
கடைசி பஸ் ஹாரன் அடிக்கிறது.

ஒன்று சாமியாரிடம் சொல்லவில்லை.
உடம்பு முழுக்க எனாமல்.
தோளுக்கு மட்டும் தொடவில்லை.
அங்கே காவிமண்ணும் சுண்ணாம்பும்தான்,
ஒரு பூச்சு கூடுதலாக.

குடிப்பார்கள்.