ஐம்பது மீட்டர் கயிறு

செவ்வாய்க்கிழமை விவாகரத்துக்குக் கையெழுத்துப் போட்டோம்.
சனிக்கிழமை இழுவை விமானத்தில் அவன்தான்.
யெலேனியா கூராவில் அன்று வேறு ஆள் இல்லை.
தெற்குக் காற்றுக்கு எங்கள் தாவா தெரியாது.

காலை ஆறுக்கே மலை முதுகில்
வெள்ளைச் சுவராய் மேகம் சாய்ந்து கிடந்தது.
இந்தப் பக்கம், உயரத்தில்,
தட்டின்மேல் தட்டாய் இன்னொரு மேகம்;
அவ்வளவு காற்றிலும் இடம் பெயரவில்லை.
"அலை எழுந்துவிட்டது" என்றாள் ஹால்ஷ்கா,
என் இறக்கை நுனியைப் பிடித்தபடி.
வேறெதுவும் கேட்கவில்லை. நல்லவள்.

அவனுக்கும் எனக்கும் நடுவே ஐம்பது மீட்டர் கயிறு.
ஒன்பது வருடத்தில் இவ்வளவு சரியாக அளந்த தூரம்
எங்களுக்குள் இருந்ததே இல்லை.

அறுநூறு மீட்டரில் ரோட்டர் பிடித்தது,
அலைக்கு அடியில் உருண்டுகொண்டே இருக்கும் காற்று.
முறத்தில் போட்டுப் புடைத்தது என்னை.
பக்கப் பையிலிருந்த ஆப்பிள்
மெல்ல எழுந்து முகத்துக்கு நேரே நின்றது,
ஏதோ சொல்ல வந்ததுபோல.
பிறகு கண்ணாடிக் கூரையில் மோதி
எங்கோ கீழே தொலைந்தது.
அவன் சிவப்பு விமானம் என் தலைக்கு மேல்.
அடுத்த மூச்சில் முழங்காலுக்குக் கீழே.
கயிறு தொய்ந்து, வளையமிட்டு,
அவசரமில்லாமல் என் இறக்கைப் பக்கம் வந்தது.

தொய்ந்த கயிறு வெடுக்கென்று இறுகினால் அறும்.
சற்றே ஒதுங்க வேண்டும். காத்திருக்க வேண்டும்.
இறுகும் நொடியில் மூக்கைத் தாழ்த்தி
அதன் வேகத்துக்குப் போக வேண்டும்.
வானத்தில் இது எனக்குத் தெரியும்.
சமையலறையில் தெரிந்ததில்லை.

இடது கை மஞ்சள் குமிழின் மேல்.
இழுத்தால் போதும், கயிறு அவனோடு போய்விடும்.
"தோப்ராவா, இன்னும் இருக்கிறாயா?"
ரேடியோவில் கரகரப்பு.
"இருக்கிறேன். நீ ஓட்டு."

பிறகு, யாரோ கதவைச் சாத்தியதுபோல்,
எல்லாம் அடங்கியது.
வேரியோமீட்டர் முள் நான்குக்கு ஏறி
அங்கேயே உட்கார்ந்தது.
குமிழை இழுத்தேன்.
டக்.
அவன் இடப்பக்கம் கவிழ்ந்து இறங்கினான், நான் வலப்பக்கம்.
அதுதான் விதி; எல்லா விமானிகளுக்கும்.

காற்று மணிக்குத் தொண்ணூறு. நானும் தொண்ணூறு.
கார்பாச் ஊரின் ஒரே தேவாலயக் கூரைக்கு மேல்
அரைமணி நேரம் நின்றேன்,
ஏறியபடி.
ஐயாயிரம். ஆக்சிஜன் குழாயில் ரப்பர் வாடை.
ஆறாயிரத்து எண்ணூறு. கால்விரல்கள் யாருடையவோ.
மூச்சு கண்ணாடியில் உறைந்தது;
சுரண்டிய ஓட்டை வழியே ஸ்னியேஷ்கா சிகரம்,
அதன் வானிலை நிலையம்
அறுந்து விழுந்த சட்டைப் பொத்தான் அளவு.
அழவேண்டும் என்று எண்ணி வைத்திருந்தேன், அங்கே, தனியாக.
அதுவும் வரவில்லை.
மூக்குதான் ஒழுகியது.

தரையில் அவன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.
"எவ்வளவு?"
"ஆறாயிரத்து எண்ணூறு."
"எப்படியிருந்தது?"
"குளிர்."
கயிற்று முனையின் இணைப்புத் தகட்டைக் கழற்றிக் காட்டினான்.
துளை முட்டை வடிவமாய் இழுபட்டிருந்தது. அறவில்லை.
"இது இனி ஆகாது" என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.
இழுவைக் கட்டணம், பதினான்கு நிமிடம் என்று எழுதினான்.
கணக்கு சரி. கொடுத்தேன்.

ஆப்பிள் இருக்கைக்கு அடியில் கிடைத்தது, கல்லாய்.
காரில் ஹீட்டருக்கு முன் வைத்து ஓட்டினேன்.
வீட்டு வாசலில் நிறுத்தி
ஒரு கடி கடித்துப் பார்த்தேன்.
தோல் இளகியிருந்தது. உள்ளே
பல் இறங்கவில்லை.