எதிர்வாக்கில்

வண்டியைக் கப்பல் போத்தி துறைமுகத்தில் இறக்கியது.
பின்கண்ணாடியில் ஒரு ஸ்டிக்கர்:
பீச் பழம், கீழே ஜார்ஜியா என்ற சொல்.
அது அமெரிக்காவிலிருக்கும் ஜார்ஜியா.
இது ருஸ்தாவி. நாங்களும் ஜார்ஜியாதான்,
வெளியாட்கள் கூப்பிடும்போது மட்டும்.
ஊர் மாறியும் பேர் மாறாத வண்டி என்று
நுக்ரி சிரித்துச் சாவியை வீசினான்.
"சனிக்கிழமை ஆள் வருகிறான். உள்ளே புதுசாக்கு."

முன்பக்க நசுங்கலை வேறு கொட்டகையில் நிமிர்த்திவிட்டார்கள்.
உள்ளே முழுக்க சுவேட்,
இருக்கை, கதவு, கூரை, ஸ்டீயரிங்,
எலிக்குஞ்சின் சாம்பல்.

சுவேட்டுக்குத் தண்ணீர் ஆகாது.
முழுக்க ஆகாது என்றில்லை,
துணி நனையலாம், தோலுக்குத் தெரியக் கூடாது.
வேக்குவம் முனையில் பழைய காலுறை கட்டுவேன்;
பிளாஸ்டிக் உரசினால் வழுக்கை விழும்.
பிறகு குதிரைமயிர் பிரஷ்.
ரோமத்தின் வாக்கில் ஒரு இழுப்பு,
எதிர்வாக்கில் இரண்டு.
எதிர்த்துக் கோதினால்தான் அழுக்கு எழுந்து வரும்.
மனிதர்களிடம் இதைச் சோதித்ததில்லை,
மாமியார் நீங்கலாக.

கூரையை அதிகம் தொட மாட்டேன்.
ஈரம் ஏறினால் பசை விட்டு
யாரோ பெருமூச்சு விட்டதுபோல் தொங்கிவிடும்.

ஸ்டீயரிங்கில் கை நின்றது.
இடப்பக்கம் மட்டும் மினுமினுப்பு.
கடிகாரத்தில் ஒன்பது இருக்கும் இடத்தில்
ரோமமெல்லாம் கையெண்ணெயில் படுத்து
தார் ரோடு மாதிரி.
வலப்பக்கமோ கடையில் வாங்கிய அன்றைக்குப் போல.
ஒற்றைக் கையால் ஓட்டியிருக்கிறான்.
ஓட்டியிருக்கிறாள், அப்படியும் இருக்கலாம்.
ஆட்டோமேடிக் கியர், வலக்கைக்கு வேலையில்லை.
அப்படியானால் அந்தக் கை எங்கே இருந்தது?

நான் தேடவில்லை. கண்ணில் பட்டது.
பக்கத்து இருக்கையின் இடது ஓரம்,
ஓர் உள்ளங்கை அகலத்துக்கு
அதே தார்.

மக்வாலாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
"காதல்," என்றேன், கொஞ்சம் வெட்கத்தோடு.
அவள் சிகரெட்டைக் காதில் செருகிக்கொண்டு குனிந்து பார்த்தாள்.
"தொடை இருந்திருந்தால் தொடைதானே தேய்ந்திருக்கும்?
இருக்கை தேய்ந்திருக்கிறது."
சொல்லிவிட்டுத் தன் வண்டிக்குப் போய்விட்டாள்.

நாயாக இருக்கலாம் என்று
காலுறையை உதறிப் பார்த்தேன்.
மணல். ஒரு பைன் ஊசி. அரிசி மணி அளவில்
நீலக் கண்ணாடித் துண்டு. நாய்மயிர் ஒன்றுகூட இல்லை.

சரி, என் கூலி இதைக் கண்டுபிடிப்பதற்கல்ல.
ஸ்டீமரை ஓரடி தள்ளிப் பிடித்தேன்,
மூன்று விநாடி, நான்கு இல்லை.
வெள்ளைத் துணியால் ஒற்றினேன். தேய்த்தால் உள்ளே போகும்.
துணியில் மஞ்சளாக ஏதோ வந்தது,
டீ வடிகட்டியதுபோல.
காய விட்டு, கோதி, மறுபடி ஒற்றி.
ஸ்டீயரிங் ஒரு பிற்பகலில் அடங்கியது.
இருக்கை ஓரம் மூன்று நாள் அடங்கவில்லை.
வெள்ளி இரவு விளக்கடியில்
ரோமம் ஒவ்வொன்றாகத் தலை தூக்கிற்று,
யார் என்னைத் தொட்டது என்பதுபோல.
நான்தான் என்றேன், சத்தமில்லாமல்.

சனி காலை அக்தோபேயிலிருந்து செரிக் வந்தான்.
எல்லாரையும்போல முதலில் விரலால் கோடு இழுத்தான்,
கோடு கறுத்து நின்றது.
"கறை," என்றான், விலை குறைக்க.
புறங்கையால் நீவினேன், போயிற்று.
நுக்ரி முந்நூறு ஏற்றிச் சொன்னான்,
இருநூற்றைம்பது இறங்கினான்.

செரிக் கிளம்பும்போது
சந்தையில் வாங்கிய தக்காளிப் பெட்டியை,
அடி ஈரமாக இருந்தது,
நேராக அந்த இருக்கையில் வைத்தான்.
"ஏய்!" என்று கத்தினேன்,
கொட்டகையே திரும்பிப் பார்த்தது.
"அடியில் ஏதாவது விரி!"

பெட்டியைத் தூக்கினான்.
சட்டையைக் கழற்றி விரித்தான்.
பனியனோடு உட்கார்ந்து
வண்டியைக் கிளப்பினான்.
பெட்டி சரியாமலிருக்க
ஒரு கை அதன்மேல் இருந்தது.